50 துடிப்பில் ஓடிய விளையாட்டுப் பெட்டிகள்

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் தொடக்ககால வீடியோ கேம் கருவிகளைத் தேடிச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கின்றனர் என்றாலும், எது சேகரிக்கத் தக்கது, எது தகாதது என்பதற்கான அளவுகோல்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வகுக்கப்பட்டவை. உறை பிரிக்கப்படாத அசல் பொருள், தயாரித்த நிறுவனத்தின் முத்திரை, சிதையாத அட்டைப்பெட்டி ஆகியவையே அங்கே மதிப்பைத் தீர்மானிக்கின்றன. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் பிரிக்கப்படாத ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது அந்த அளவுகோலின் உச்சம். இதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைப் புறநகரான திருநின்றவூரில் ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் வீடியோ கேம் பெட்டியை அளந்தால், அது யாரோ எங்கோ செய்த நகல் என்பதைத் தவிர வேறெதுவும் புலப்படாது, அதன் அடுத்த இருப்பிடமும் காயலான் கடையாகவே இருக்கும். ஆனால் அந்த நகலின் உள்ளே இருக்கும் சில்லுகளும் படிகமும், அது இணைந்திருந்த தொலைக்காட்சியின் இயல்பும் சேர்ந்தே இப்பகுதியில் 1990-களிலும் 2000-களிலும் வளர்ந்த ஒரு தலைமுறையின் கண்ணும் காதும் எதை அனுபவித்தன என்பதைத் தீர்மானித்தன. ஆதலால் இங்கே சேகரிக்க வேண்டிய மூல ஆவணம் அந்த நகலே என்பதற்கு உணர்ச்சி சார்ந்த காரணங்களை விட வலுவான அறிவியல் காரணங்கள் உள்ளன.

வீட்டு வீடியோ கேமின் தோற்றத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் ரால்ஃப் பேர் 1960-களின் இறுதியில் வடிவமைத்த மாதிரிக் கருவி, 1972-இல் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் ‘ஒடிசி’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதில் நுண்செயலி கிடையாது. டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும் சேர்ந்து சில வெண்புள்ளிகளையும் ஒரு கோட்டையும் திரையில் வரைய, மைதானமும் வலையும் அச்சிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைத் திரையின் மேல் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். 1976-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் பந்தும் மட்டையும் கொண்ட ஆட்டங்களை ஒரே சில்லில் அடக்கியதும், அச்சில்லை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தி விற்கும் தொழில் பல நாடுகளில் முளைத்தது. அதே ஆண்டில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் கருவி, ஆட்டத்தைத் தனிக் கேசட்டில் வைத்து மாற்றிக்கொள்ளும் வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டு வந்த அடாரி 2600 வெறும் 128 பைட் நினைவகத்தோடு, திரையின் ஒவ்வொரு வரியும் வரையப்படும் கணத்திலேயே அந்த வரியைக் கணக்கிட்டு அனுப்பும் வியப்பூட்டும் உத்தியால் இயங்கியது.

தமிழ்நாட்டுக் கதையின் வேர் இவற்றில் எதிலும் இல்லை. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ கருவியில்தான் இருக்கிறது. அக்கருவியின் இதயம் இரண்டு சில்லுகள். ஆட்டத்தின் விதிகளைக் கணக்கிட்டு ஒலியையும் உண்டாக்கும் செயலி ஒன்று. 256 புள்ளி அகலமும் 240 வரி உயரமும் கொண்ட படத்தை வரைந்து தரும் படச்சில்லு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தலைக்கு 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம் முழுவதும், அதன் நிலவறைகளும் மேகங்களும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. 1985-இல் அமெரிக்காவுக்கென மாற்றி வடிவமைக்கப்பட்ட கருவியில், அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு சேர்க்கப்பட்டது. ஜப்பானிய மூலக் கருவியிலோ அந்தப் பூட்டு இல்லை. 60 முனைகள் கொண்ட எந்தக் கேசட்டையும் அது ஏற்றுக்கொள்ளும் என்பதால், அதன் கட்டமைப்பே ஆசியா முழுவதும் நகலெடுப்போரின் பொதுச் சொத்து போலாகியது. தைவானின் யுஎம்சி நிறுவனம் இரு சில்லுகளுக்கும் இணையானவற்றை வார்த்துத் தள்ள, அவற்றை வைத்துப் பலகையில் பற்றவைத்து எண்ணற்ற பெயர்களில் விற்றனர். அடுத்த கட்டத்தில் செயலி, படச்சில்லு, நினைவகம் எல்லாமே ஒரே சிலிக்கன் துண்டில் சேர்க்கப்பட்டன; அத்துண்டை மின்சுற்றுப் பலகையின் மீதே நேரடியாக ஒட்டி, முடியிழையை விட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே கருப்பு எபாக்சிப் பிசினை ஒரு துளியாக ஊற்றி மூடிவிடுவர். பெட்டியைத் திறந்ததும் தெரியும் அந்தக் கருந்துளி, கருவி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் முதல் அடையாளம்: தனித்தனியாகக் கால்கள் நீட்டிய இரு பெரிய சில்லுகள் இருந்தால் அது பொதுவாக முந்தைய தலைமுறை, கருந்துளி மட்டும் இருந்தால் பிந்தையது.

இந்தியாவுக்குள் இவை வந்த வழி, பொருளாதார வரலாற்றின் ஒரு பகுதி. நிண்டெண்டோவின் உரிமம் பெற்ற ‘சாமுராய்’ இங்கே விற்பனைக்கு வந்தது. மீடியா நிறுவனத்தின் பெட்டிகளும் கடைகளில் கிடைத்தன. 80 விழுக்காடு இறக்குமதி வரியைத் தவிர்க்கும் பொருட்டு 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக சேகாவின் ‘மெகா டிரைவ்’ 18,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. தொழிற்சாலைக் கூலியை நம்பிய குடும்பங்களுக்கு அந்த விலை எட்டாத உயரம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலை செய்து திருநின்றவூரில் குடியிருந்தவர்களின் வீடுகளுக்கு எட்டியது வேறொரு பாதை வழியாக வந்த சரக்கு. திருநின்றவூரிலிருந்து அரக்கோணம் தடத்தின் புறநகர் ரயில் சுமார் 30 கிலோமீட்டர் கடந்து சென்னையில் நிற்கும் நிலையத்துக்கு, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பெயரே இன்றும் வழங்குகிறது. அங்கிருந்து ஒரு பக்கம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் அமைந்த பர்மா பஜார், மறுபக்கம் சிந்தாதிரிப்பேட்டையை அடுத்த ரிச்சி தெரு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியோர் பெட்டியில் வந்தவை, கப்பலில் வந்தவை, தைவானிலும் பின்னர் சீனாவிலும் வார்க்கப்பட்டவை என எல்லாம் அங்கே கலந்து குவிந்தன. ஒரே தெருவில் அடுத்தடுத்து நின்ற ஒன்றுபோன்ற இரு பெட்டிகள் வெவ்வேறு நாட்டுத் தொலைக்காட்சிகளுக்காகச் செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதை வாங்கியவர் வீட்டுக்கு வந்து இணைத்த பிறகே அறிந்தார்.

அந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, பழைய தொலைக்காட்சி படத்தை எவ்வாறு பெறுகிறது என்று பார்க்க வேண்டும். 1982-இல் வண்ணத்துக்கு மாறிய தூர்தர்ஷன் ‘பால்’ எனப்படும் வண்ண ஒளிபரப்பு முறையைக் கையாண்டது. அம்முறையில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த முறையுமாகத் திரை இரு தவணைகளில் வரையப்படும். தவணை ஒவ்வொன்றும் புலம் என்று பெயர் பெறும். நொடிக்கு 50 புலங்கள். ஜப்பானும் அமெரிக்காவும் கைக்கொண்ட ‘என்டிஎஸ்சி’ முறையிலோ வரிகள் 525, புலங்கள் ஏறத்தாழ 60. இரு முறைகளிலும் வண்ணச் செய்தியைச் சுமக்கும் துணை அலையின் அதிர்வெண் வேறு: இங்கே 4.43 மெகாஹெர்ட்ஸ், அங்கே 3.58. ஆகவே ஜப்பானியச் சந்தைக்கான கருவியை இங்குள்ள பெட்டியோடு இணைத்தால் படம் கருப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழுமாக உருளும். ஆன்டெனா முனை வழியாக இணைக்கும்போது இன்னொரு சிக்கலும் சேரும். கருவிக்குள் இருக்கும் சிறு தகரப் பேழை, படத்தையும் ஒலியையும் ஒரு வானொலி அலையில் ஏற்றி, ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையத்தைப் போல அனுப்புகிறது. படத்தின் அலைக்கும் ஒலியின் அலைக்கும் இடைவெளி இந்தியாவில் 5.5 மெகாஹெர்ட்ஸ், ஹாங்காங்கில் 6, சீனாவில் 6.5, ஜப்பானில் 4.5. ஹாங்காங்குக்கென்று செய்யப்பட்ட பெட்டி இங்கே தெளிவான வண்ணப் படத்தைக் காட்டிவிட்டு, ஒலிக்குப் பதில் வெறும் இரைச்சலை எழுப்புவதன் காரணம் இதுவே. அந்தப் பேழையில் உள்ள சுருளின் நடுவிலிருக்கும் ஃபெரைட் திருகைச் சற்றே திருப்பி 5.5-க்குக் கொண்டுவருவது டிவி மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வேலை. திருகின் மேலிருந்த மெழுகு உடைக்கப்பட்டிருக்கும் பேழை, அப்பெட்டி இங்கே ஒரு கைவினைஞரைக் கடந்து வந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. அதைப் பழுது என்று கருதிப் புதிய பேழை மாற்றுவோர் அந்தச் சான்றை இழக்கின்றனர்.

வண்ணமும் ஒலியும் பொருந்திய பின்னும் காலம் பொருந்தவில்லை. சேகரிப்பாளர் மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டிய இடமும் இதுதான். ஃபேமிகாம் ஆட்டங்களின் நிரல்கள் புலத்தின் எண்ணிக்கையைக் கொண்டே காலத்தை அளக்கின்றன. ஒரு புலம் வரைந்து முடிந்ததும் படச்சில்லு செயலிக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அக்குறிப்பு வந்ததும் நிரல் பாத்திரத்தை ஓர் அடி நகர்த்தி, இசையின் அடுத்த அசைவைத் தொடங்கி, மீண்டும் காத்திருக்கும். நொடிக்கு 60 குறிப்புகளை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரலுக்கு 50 மட்டுமே கிடைத்தால், ஓட்டம், குதிப்பு, எதிரியின் நடை, பின்னணி இசை எல்லாமே ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்; ஜப்பானில் 60 நொடியில் முடியும் மெட்டு இங்கே 72 நொடி நீளும். நிண்டெண்டோ தானே ஐரோப்பாவுக்கு வெளியிட்ட கருவியில் செயலியின் கடிகாரமும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-ஆகக் குறைந்ததால், வேகத்தோடு சுருதியும் அரைச்சுரத்துக்கு மேல் இறங்கியது. யுஎம்சி பொறியாளர்கள் 50 புல நாடுகளுக்கென வடிவமைத்த சில்லு இணை இதை வேறு விதமாகத் தீர்த்தது: 26.6017 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை 15-ஆல் வகுத்துச் செயலிக்கு 1.77 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தனர். அது மூலக் கருவியின் துடிப்புக்கு ஒரு விழுக்காட்டுக்குள் நெருங்கிய எண் என்பதால் சுருதி ஏறக்குறைய மாறாமல் நிற்க, தாளம் மட்டும் மெதுவானது.

அச்சில்லுகளின் நுட்பம் இன்னும் ஆழமானது. என்டிஎஸ்சி கருவி ஒரு புலத்துக்கு 262 வரிகள் செலவிடும்; 240 வரி படம் முடிந்த சற்றே பின் செயலிக்குக் குறிப்பு போகும், அடுத்த 20 வரி நேரத்துக்குள் நிரல் புதிய படச் செய்திகளை எழுதிவிட வேண்டும். பால் முறையில் 312 வரிகள் இருப்பதால் 50 வரிகள் உபரி. நிண்டெண்டோவின் ஐரோப்பியச் சில்லு அந்த உபரியை நிரலுக்கே எழுதும் நேரமாகக் கொடுத்தது. அதன் விளைவாக, குறிப்பு வந்த பின் இத்தனை துடிப்பு கழித்துத் திரை தொடங்கும் என்று எண்ணி எழுதப்பட்ட ஜப்பானிய ஆட்டங்கள் சில அதில் சிதறிப்போயின. யுஎம்சி சில்லோ படம் முடிந்ததும் 51 வரிகள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, அதன் பிறகே குறிப்பை அனுப்பி, வழக்கமான 20 வரிகளைக் கொடுத்தது. இதனால் ஐரோப்பாவுக்கென்று திருத்தப்படாத ஜப்பானிய ஆட்டங்களின் கேசட்டுகளும் பால் தொலைக்காட்சியில் பிறழாமல் ஓடின. பிறர் உழைப்பை நகலெடுத்தவர்கள் என்ற குறை அவர்கள் மேல் இருப்பது நியாயமே. ஆனால் இந்த ஒரு தீர்வில் அவர்கள் செய்தது நகல் வேலை அன்று, மூலத்தைச் செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு தேவையை நுணுகி ஆராய்ந்து நிறைவேற்றிய பொறியியல். ஒலியிலும் ஒரு வேறுபாடு பதிந்திருக்கிறது. சதுர அலை ஒன்று தன் சுழற்சியில் எத்தனை பங்கு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நாதம் அமையும். நகல் சில்லுகள் பலவற்றில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்குமான அமைப்புகள் இடம் மாறி அமைந்துவிட்டதால், மூலத்தில் மெலிந்து கூர்மையாக ஒலித்தது இங்கே திரண்டு ஒலித்தது, திரண்டது மெலிந்தது. மெதுவான தாளமும் மாறிய நாதமும் கொண்ட அந்த இசையே இங்குள்ள பலரின் செவியில் பதிந்தது. மூலக் கருவியைப் போலவே இயங்கும் கணினி மென்பொருளில் இன்று ஜப்பானிய வேகத்தில் அதே ஆட்டத்தைக் கேட்பவர்களுக்கு அது அவசரப்படுவது போலத் தோன்றுவதற்கு நினைவின் மயக்கம் காரணம் இல்லை. அளந்து காட்டக்கூடிய வேறுபாடு அது.

துணைக் கருவிகளில் அறிவியல் செழுமை மிக்கது துப்பாக்கி. அதன் குழாயிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. குழாயின் நுனியில் ஒரு வில்லையும், பின்னால் ஒளியை உணரும் டையோடும் இருக்கின்றன, அதாவது அது ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கும் கண். வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் நிரல் ஒரு புலம் முழுவதையும் கருப்பாக்குகிறது. அப்போது டையோடு ஒளியைக் கண்டால் துப்பாக்கி திரையை நோக்கவில்லை என்று முடிவு செய்கிறது. அடுத்த புலத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். அப்போது ஒளி தெரிந்தால் குறி தப்பவில்லை. இரு வாத்துகள் இருந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தப் புலத்தில் ஒளி கிட்டியது என்பதே எந்த வாத்து விழுந்தது என்பதற்கு விடை. அறை விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்றுவதைத் தடுக்க நிண்டெண்டோவின் துப்பாக்கியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு ஏறத்தாழ 15,000 வரிகளைக் கடப்பதால் ஒளிரும் சதுரமும் அதே வேகத்தில் மினுக்குகிறது, அந்த மினுக்கலை மட்டும் ஏற்கும் வடிப்பான் சுற்று, சீராக எரியும் விளக்கைப் புறக்கணிக்கும். மலிவு நகல்கள் பலவற்றில் இவ்வடிப்பான் விடுபட்டது.

தட்டைத் திரைகளில் இத்துப்பாக்கிகள் செயலற்றுப்போவதற்கும் இதே விளக்கம் போதும். எல்சிடி திரை வரி வரியாக ஒளிர்ந்து அணைவதில்லை, பின்விளக்கின் ஒளியை மறைத்தும் திறந்தும் படம் காட்டுவது. அதில் 15,000 மினுக்கல் என்பதே கிடையாது. அதோடு, வந்த படத்தை நினைவகத்தில் சேர்த்து அளவு மாற்றிக் காட்டுவதற்குள் சில புலங்களின் நேரம் கடந்துவிடுவதால், நிரல் எதிர்பார்க்கும் கணத்தில் திரை இன்னும் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். படத்தின் தோற்றமும் மாறுகிறது. இக்கருவிகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாற்றாமல் ஒரே வரிகளின் மீதே ஒவ்வொரு புலத்தையும் வரைவதால், படக்குழாயில் வரிகளுக்கிடையே மெல்லிய இருட்கோடுகள் நிற்கும். ஓவியர்கள் அக்கோடுகளையும் பாஸ்பர் ஒளியின் கசிவையும் கணக்கில் கொண்டே சிறு புள்ளிகளால் உருவங்களை அமைத்தனர். எனவே கருவியையும் துப்பாக்கியையும் கேசட்டையும் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டுப் படக்குழாய்த் தொலைக்காட்சியைக் கைவிடும் சேகரிப்பு பாதிச் சேகரிப்பே.

இவ்விடத்தில் தமிழ்நாட்டுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் வழங்கப்பட்டன. மேலைநாடுகள் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இங்கே கிராமக் குடிசைகள் வரை படக்குழாய் புதிதாக நுழைந்தது. கருந்துளிச் சில்லு கொண்ட மலிவு வீடியோ கேம்கள் சில நூறு ரூபாய்க்குத் திருவிழாக் கடைகளில் கிடைத்ததும் அதே காலம். அவ்வாறு இணைந்த இரண்டு பொருள்களும் சேர்ந்தே ஒரு வரலாற்று அலகு. அரசு முத்திரை கொண்ட அப்பெட்டியை ஒரு வீடியோ கேமோடு சேர்த்துப் பாதுகாப்பது, ஜப்பானிலிருந்து பெரும் விலை கொடுத்து வரவழைக்கும் அசல் கருவியை விட இவ்வூர் வாழ்க்கையைப் பற்றி மிகுதியாகச் சொல்லும்.

அப்பெட்டிகள் மறைந்துவரும் வேகம் கவலைக்குரியது. படக்குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு உண்டு. உள்ளே எழும் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த ஈயமே, குழாயை உடைத்துத் தெருவில் போடும்போது மண்ணுக்கும் ஏரி நீருக்கும் கேடாகிறது. செம்புச் சுருளுக்காக மட்டும் பெட்டியை உடைக்கும் வழக்கம் காயலான் கடைகளில் இருந்துவந்துள்ளது. 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் தொலைக்காட்சியை உள்ளடக்கின. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் வீடியோ கேம்களையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தன. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் நிறுவனங்களும், அபாயகரமான தொழிற்கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொதுத் தளமும் இயங்குகின்றன. உடைந்த குழாய் அங்கே போய்ச் சேர்வதே முறை. சேகரிப்பு என்ற பெயரில் அதை வீட்டில் அடுக்குவது அறிவுடைமை ஆகாது. ஆனால் இயங்கும் நிலையில் உள்ள பெட்டியும், திறந்து பார்க்கப்படாத விளையாட்டுக் கருவியும் அதே லாரியில் ஏறுவதற்கு முன், பழைய பொருள் வாங்குவோரிடம் சேகரிப்பாளர்கள் ஒரு சொல் சொல்லி வைத்தால் பலவற்றை மீட்க முடியும். படக்குழாய்ப் பெட்டியின் பின்மூடியை அனுபவமில்லாதோர் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் குழாயின் நேர்முனையில் இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டிய மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.

மீட்ட பொருளைக் காப்பதில் திருநின்றவூரின் வானிலை பெரும் பகை. கோடையில் 40 பாகையைத் தொடும் வெப்பம், அதன் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரக்காற்று, வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும் ஆண்டுகளில் தாழ்ந்த நகர்களுக்குள் புகும் வெள்ளம் ஆகிய மூன்றையும் பரணில் கிடந்த கருவி தாண்டி வந்திருக்கும். மின்பகு திரவம் நிறைந்த மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயரும்தோறும் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது மின்னணுப் பொறியியலில் வழங்கும் கணக்கு. ஓடுகள் வேய்ந்த கூரையின் கீழ்ப் பரண் என்பது அவற்றுக்கு மிகக் கொடிய இடம். உப்பிப்போன மின்தேக்கியை அதே மதிப்புள்ள புதியதால் மாற்றலாம், அது எளிது. கேசட்டின் முனைகளில் படிந்த பச்சைக் களிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். வாயால் ஊதும் பழைய வழக்கம், எச்சிலின் ஈரத்தை உலோகத்தின் மேல் தெளித்து அரிப்பை வளர்க்கவே உதவியது. கருந்துளிக்குள் ஈரம் புகுந்து கம்பி அறுந்தால் மட்டும் சீராக்க வழியில்லை. நுணுக்கத்தில் குறைந்த பிந்தைய கருவிகள் முந்தையவற்றை விட விரைவில் அழியும் நிலை இதனால் உருவாகிறது. ஏராளமாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை ஒதுக்கும் சேகரிப்பாளர், சில ஆண்டுகளில் இயங்கும் ஒன்றையும் காண முடியாமல் தவிக்க நேரும்.

கைப்பிடிகளின் பழுது பெரும்பாலும் கம்பியிலேயே இருக்கிறது. மூலக் கைப்பிடிக்குள் இருப்பது எட்டுப் பொத்தான்களின் நிலையை ஒரே நேரத்தில் பிடித்துவைத்து, கேட்கும்போது ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும் நகர்வுப் பதிவகம் என்ற சிறு சில்லு. ஆகவே எட்டுப் பொத்தான்களுக்கும் சேர்த்து மின்வழங்கலுக்கு இரண்டு, பிடித்துவைக்கச் சொல்லும் கட்டளைக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று, விடைக்கு ஒன்று என ஐந்தே கம்பிகள். ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் அதன் அடியிலுள்ள கரிப்பூச்சு தேய்ந்திருக்கும். எல்லாமே மடிந்திருந்தால் கம்பி நுழையும் கழுத்தில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும். நகல்களில் 9 முனைச் செருகியும் 15 முனைச் செருகியும் வழங்கின. 9 முனைச் செருகி அடாரி, மெகா டிரைவ் கைப்பிடிகளின் செருகியை ஒத்திருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு என்பதால், பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றிச் செருகிச் சோதிக்கலாகாது.

இன்னும் முறையாக ஆராயப்படாமல் கிடப்பவை கேசட்டுகளே. மேலே ‘9999’ என்று அச்சிட்ட கேசட்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சில பத்து ஆட்டங்கள். மாரியோ இரண்டாம் உலகத்திலிருந்து தொடங்குவது, ‘கான்ட்ரா’வில் உயிர்கள் கூடியிருப்பது, உடையின் நிறம் மாறியிருப்பது எனச் சிறு திருத்தங்களால் பட்டியல் நீட்டப்பட்டது. செயலி ஒரே நேரத்தில் கேசட்டின் 32 கிலோபைட்டை மட்டுமே பார்க்க இயலும் என்பதால், பட்டியலில் ஒன்றைத் தேர்ந்ததும் நினைவகத்தின் வேறொரு பகுதியைச் செயலியின் பார்வைக்குக் கொண்டுவரும் மாற்றுச் சுற்று ஒன்று அதற்குள் அமைந்திருக்கும். நகல் கேசட்டுகளில் அச்சுற்றுகள் பல வகை, தயாரித்தவர் பெயர் எதிலும் இல்லை. எந்தப் பட்டியல் எந்தத் திருத்தங்களோடு இப்பகுதியில் புழங்கியது என்பதை அறியக் கேசட்டைப் படிப்பான் கருவியால் படித்து உள்ளடக்கத்தைப் பதிவு செய்வது ஒன்றே வழி. பழைய உரிமையாளர் உறையின் மேல் பேனாவால் எழுதிய பெயரும், பழுது பார்த்த கடையின் ஒட்டுச்சீட்டும் அழகைக் கெடுப்பனவாகத் தோன்றினாலும் துடைக்கத் தக்கவை அல்ல.

ஆதலால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவுச் சீட்டு வேண்டும்: எந்த ஊரில், எந்தக் காலத்தில் வாங்கப்பட்டது, சில்லுகளின் மேல் பொறித்த எண், படிகத்தின் அதிர்வெண், பேழையின் ஒலி இடைவெளி, நொடிக்கு எத்தனை புலம், எந்தத் தொலைக்காட்சியோடு இணைந்திருந்தது, யார் கையால் என்ன மாற்றப்பட்டது. அடாப்டரையும் தனியே சோதித்துச் சீட்டில் எழுத வேண்டும். செருகியின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பது நகலுக்கு நகல் மாறுவதால், முப்பது ஆண்டு தப்பிப் பிழைத்த ஒரு சில்லு தவறான அடாப்டரால் ஒரே நொடியில் எரிந்துபோகும். மல்டிமீட்டரால் முனைகளை அளந்து, சுமையில்லாத நிலையில் மின்னழுத்தத்தைக் குறித்து, கருவிக்குள் 5 வோல்ட்டை நிலைநிறுத்தும் சீராக்கியின் வெளியீட்டைத் தனியே சரிபார்த்த பிறகே கேசட்டைச் செருகி மின்விசையைத் தட்டலாம்.